வாசலில் உட்காரக் கற்பது: குழந்தை நலப் பணியாளர் பயிற்சி பற்றி ஓர் எளிய விளக்கம்

பயிற்சி அறையின் நடுவில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டோம். ஒன்றில் 23 வருட அனுபவமுள்ள கிராம சுகாதார செவிலியர், தாயாக நடிப்பதற்கு. மடியில் சுருட்டிய துண்டு. அதுதான் எட்டு மாதக் குழந்தை. எதிர் நாற்காலியில், வேலைக்குச் சேர்ந்து ஆறே மாதமான இளம் செவிலியர். வீட்டுக்குப் போனால் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே ஐந்து நிமிடம் பேசிக் காட்டுங்கள் என்றோம்.

இளையவர் நன்றாகத் தயாராகி வந்திருந்தார். தடுப்பூசி அட்டை எங்கே, தாய்ப்பால் தொடர்கிறதா, இணை உணவு ஒரு நாளைக்கு எத்தனை தடவை, கீரையை மசித்துக் கொடுங்கள், முட்டை கொடுங்கள், ஊட்டுவதற்கு முன் கை கழுவுங்கள், குழந்தையோடு பேசிக்கொண்டே இருங்கள், கையில் போனைக் கொடுக்காதீர்கள். சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. சுவரோரம் உட்கார்ந்து எண்ணிக்கொண்டு வந்தேன். பதினேழு அறிவுரைகள். தாயாக நடித்தவர் பேசியது ஒரே ஒரு வார்த்தை: "சரிங்க." அதை ஒன்பது தடவை சொன்னார்.

முடிந்ததும் அவரிடம், "இதில் எதை நாளைக்குச் செய்வீங்க?" என்று கேட்டேன். மடியிலிருந்த துண்டைக் கொஞ்ச நேரம் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார்: "எங்க வீட்ல முட்டை வாங்கணும்னா மாமியார் கையிலதான் காசு. அவங்க அடுப்படியில நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. இந்தப் பொண்ணு அவங்கள கூப்பிடவே இல்ல."

அறையில் அப்படி ஒரு மாமியார் இல்லை. ஆனால் இருபத்தெட்டு பேருக்கும் அவரைத் தெரிந்திருந்தது. அந்த மாமியாரை எப்படிக் கூப்பிட்டு உட்காரவைப்பது, அவரோடு தெருவையும் ஊரையும் எப்படிச் சேர்ப்பது, இதை ஒரு பணியாளருக்குக் கற்றுக்கொடுக்க முடியுமா என்பதுதான் இங்கே பேசப்போகும் விஷயம். முடியும். உலகத்தில் சில இடங்களில் மிக நன்றாகவே கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

முதலில் இந்தப் பணியாளர் யார் என்று பார்த்துவிடலாம். 'ஹெல்த் விசிட்டர்' என்ற பெயர் இங்கிலாந்தில் பிறந்தது. 1862ல் மான்செஸ்டர், சால்ஃபோர்ட் நகரங்களில் பெண்கள் சங்கம் ஒன்று உருவாகி, ஏழைகள் வாழும் தெருக்களுக்குப் பெண்களை அனுப்பி, வீடு வீடாகச் சுத்தத்தைப் பற்றியும் குழந்தை வளர்ப்பைப் பற்றியும் பேசவைத்தது. அந்த வேலை வளர்ந்து இன்று ஒரு தனித் தொழிலாகிவிட்டது. செவிலியராகவோ மருத்துவச்சியாகவோ பதிவு பெற்ற ஒருவர், அதற்கு மேல் சுமார் ஒரு வருடம் படித்துத்தான் அங்கே ஹெல்த் விசிட்டர் ஆக முடியும். கர்ப்ப காலத்தில் தொடங்கி, குழந்தைக்கு இரண்டரை வயது ஆவதற்குள் ஐந்து கட்டங்களில் அந்தக் குடும்பத்தைப் பார்க்க வேண்டும் என்று இங்கிலாந்தில் விதியே இருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்த வேலையைக் கிராம சுகாதார செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் பகிர்ந்து செய்கிறார்கள். ஊர்க்காரர்களுக்கு ஒருவர் நர்ஸம்மா, இன்னொருவர் டீச்சர். மற்ற பல மாநிலங்களில் ஆஷா என்ற ஊர்ச் சுகாதாரப் பணியாளர். இலங்கையில் குடும்பநல உத்தியோகத்தர். பெயரும் சம்பளமும் படிப்பும் வேறு வேறாக இருந்தாலும் எல்லோருடைய வேலையும் ஒரு வீட்டு வாசலில்தான் தொடங்குகிறது.

அந்த வாசலில் எப்படி நடந்துகொள்வது என்ற கேள்வி புதிதில்லை. 1890களில் இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயர் கிராமங்களுக்காக இப்படிப்பட்ட பெண்களைப் பயிற்றுவிக்கும் முயற்சிக்கு ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் துணை நின்றார். கிராமத்துத் தாய்மாருக்கு உபதேசம் செய்யாதீர்கள், அவர்களோடு சேர்ந்து பேசுங்கள் என்று அப்போதே அவர் வற்புறுத்தினார். நூற்றுமுப்பது வருடத்துக்கு முன் சொன்னது இன்னும் எங்கள் பயிற்சி அறையில் முதல் பாடமாகவே இருக்கிறது என்பதிலிருந்தே, அது எவ்வளவு கடினமான பாடம் என்று புரிந்துகொள்ளலாம்.

ஏன் இதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும்? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். இந்தியாவில் ஆஷாக்களுக்கு வகுத்திருக்கும் திட்டப்படி, ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையைப் பிறந்த 42 நாளுக்குள் 6 தடவை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும். பிறகு 3, 6, 9, 12, 15 மாதங்களில் ஒவ்வொரு தடவை. ஆக மொத்தம் 11. தடவைக்கு அரை மணி நேரம் என்று வைத்தாலும் ஐந்தரை மணி நேரம். அந்தப் பதினைந்து மாதத்தில் பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. அந்த நேரம் முழுக்கக் குழந்தை யார் கையில் இருக்கிறது? அம்மா, பாட்டி, எட்டு வயது அக்கா, எதிர்வீட்டுப் பெரியம்மா, சாயங்காலம் தூக்கிக்கொண்டு டீக்கடைக்குப் போகும் தாத்தா. ஐந்தரை மணி நேரத்தில் பணியாளர் சொல்வது எவ்வளவு சரியாக இருந்தாலும், மீதி நேரத்துக்குச் சொந்தக்காரர்களை விட்டுவிட்டு ஒன்றும் நடக்காது.

குழந்தை நலம் என்று சொல்லும்போது எடையும் தடுப்பூசியும் மட்டும் என்று நினைத்துவிடுவோம். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் உலக வங்கியும் சேர்ந்து 2018ல் வெளியிட்ட வழிகாட்டி, சின்னக் குழந்தைக்குத் தேவையானதை ஐந்தாகப் பிரித்தது. உடல்நலம், ஊட்டச்சத்து, பாதுகாப்பு, சிறு வயதிலேயே கற்கும் வாய்ப்பு, பிறகு குழந்தை காட்டும் குறிப்பை உணர்ந்து பதில் கொடுக்கும் வளர்ப்பு. கடைசியாகச் சொன்னது கொஞ்சம் புதிராகத் தோன்றலாம். குழந்தை 'ங்கா' என்றால் நாமும் திரும்ப 'ங்கா' என்கிறோமே, அதுதான். பசியில் அழுகிறதா, தூக்கத்துக்கு அழுகிறதா என்று அழுகையை வைத்தே பாட்டி சொல்லிவிடுகிறாரே, அதுதான். இந்த ஐந்தில் தடுப்பூசி மாதிரி சிலவற்றைத்தான் வெளியிலிருந்து ஒருவர் வந்து கொடுத்துவிட்டுப் போக முடியும். மற்றவை வீட்டுக்குள்ளும் தெருவிலும்தான் நடக்கின்றன.

கூட்டம் சேர்ப்பதும் ஊரைச் சேர்ப்பதும்

'சமூகத்தை ஈடுபடுத்துவது' என்றதும் பலருக்கும் மனதில் வருவது பேனர், மைக், ஐம்பது நாற்காலி. ஒருவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள், கடைசியில் டீயும் பிஸ்கட்டும். இது தகவல் சொல்வது. தேவைதான், ஆனால் ஈடுபாடு இல்லை. அதற்கு அடுத்த படி, ஊர் மக்களின் கருத்தைக் கேட்டுக்கொள்வது. கேட்டுக்கொண்டு முடிவை அலுவலகத்தில் எடுப்பார்கள். மூன்றாவது படியில்தான், எது முக்கியமான பிரச்சினை என்பதையும் அதற்கு என்ன செய்வது என்பதையும் ஊர் மக்களே தீர்மானிக்கிறார்கள். பணியாளர் அதற்கு வழி அமைத்துக் கொடுக்கிறார். ஒரு பயிற்சியில் பணியாளர் முதல் படியிலேயே நிற்கிறாரா, மூன்றாவது படிக்கு ஏறக் கற்கிறாரா என்று பார்த்தாலே அந்தப் பயிற்சியின் தரம் தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டில் அங்கன்வாடிகள் வழியாக நடக்கும் சமுதாய வளைகாப்பு எனக்குப் பிடித்த நிகழ்ச்சி. கர்ப்பிணிகளுக்கு வளையலும் சந்தனமும் ஐந்து வகைச் சாதமும் என்று ஊர்ச் சடங்கையே சுகாதாரத்துக்கு வாசலாக மாற்றியவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். கூப்பிட்டால் வராத மாமியார்களும் அதற்கு வருவார்கள். ஆனால் அத்தனை பேரும் வந்த இடத்தில் பெரும்பாலும் சொற்பொழிவுதான் நடக்கிறது. அங்கேயே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "ராத்திரி ரெண்டு மணிக்கு வலி வந்தா, நம்ம தெருவுல யார் கூட வருவா, மூத்த குழந்தையை யார் பார்த்துக்குவா?" அந்தக் கேள்விக்குப் பத்து நிமிடம் விட்டால், கூட்டம் ஊராகிவிடும்.

ஜார்க்கண்டில் கூழாங்கற்கள்

இந்த மூன்றாவது படி எப்படி இருக்கும் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஜார்க்கண்டும் ஒடிசாவும். சக்ரதர்பூரில் இயங்கும் 'எக்ஜுட்' என்ற அமைப்பை பிரசாந்த திரிபாதி, நிர்மலா நாயர் என்ற இரண்டு மருத்துவர்கள் தொடங்கினார்கள். 2005 முதல் 2008 வரை மேற்கு சிங்பூம், சராய்கேலா கர்சாவான், கியோஞ்சர் ஆகிய மூன்று மாவட்டங்களில், ஆதிவாசி மக்கள் அதிகம் வாழும் கிராமங்களில், பெண்கள் குழுக்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதற்கு முன்பே நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில் இதேபோன்ற குழுக்கள் நல்ல பலன் கொடுத்திருந்தன. அதன் முடிவு 2004ல் வெளியானது.

இங்கே கூட்டங்களை நடத்தியவர்கள் மருத்துவர்களோ நர்சுகளோ இல்லை. அதே பகுதியில் வாழ்ந்த, அந்த மக்களின் மொழி பேசிய பெண்கள். அவர்களுக்கு மருத்துவப் பாடத்தை நிறையத் திணிக்காமல், ஒரு கூட்டத்தை நடத்தும் கலையைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒருவர் மாதத்துக்குச் சுமார் 13 குழுக்களைச் சந்தித்தார். ஒவ்வொரு குழுவுக்கும் 20 கூட்டங்கள் கொண்ட ஒரு சுற்று. முதல் சில கூட்டங்களில், நம் ஊரில் பிரசவத்தின்போதும் பிறந்த பிறகும் தாய்க்கும் குழந்தைக்கும் என்னென்ன ஆகிறது என்று பேசுவார்கள். பிறகு அந்தப் பிரச்சினைகளை வரைந்த பட அட்டைகளைத் தரையில் பரப்புவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கையில் கூழாங்கற்களோடு வந்து, தனக்கு எது பெரிய கவலையோ அந்தப் படத்தின் மேல் கல்லை வைப்பார். எந்தப் படத்தில் கல் அதிகமோ, அதுதான் அந்தக் குழுவின் முதல் வேலை.

கல் வைப்பது சின்ன விஷயம்போலத் தெரியும். எங்கள் பயிற்சியிலும் இதைச் செய்து பார்த்திருக்கிறோம். வாயால் கேட்டால் சங்கத் தலைவியும் ஆசிரியையும் பேசி முடித்துவிடுவார்கள். மூலையில் உட்கார்ந்திருக்கும் பெண் தலையாட்டுவார். கல்லைக் கையில் கொடுத்தால் அவரும் எழுந்து வந்துதான் ஆக வேண்டும். அவருடைய கல்லுக்கும் தலைவியின் கல்லுக்கும் எடை ஒன்றுதான்.

அடுத்து, 'ஆனால் ஏன்?' என்று கேட்டுக்கொண்டே போகும் விளையாட்டு. ஒரு கதையைச் சொல்லி, அதில் நடந்த ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்பார்கள். எங்கள் வகுப்பில் நாங்கள் எடுத்துக்கொள்ளும் கதை இது. பத்து மாதக் குழந்தைக்கு வயிற்றோட்டம் வந்து ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. ஏன்? அழுக்குத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ஆனால் ஏன்? குழந்தை தரையில் கிடந்த டம்ளரை எடுத்துக் குடித்தது. ஆனால் ஏன்? பார்த்துக்கொண்டது ஏழு வயது அண்ணன். ஆனால் ஏன்? அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார், பாட்டிக்குக் கண் சரியாகத் தெரியாது. ஆனால் ஏன் பாட்டிக்குக் கண்புரை ஆபரேஷன் செய்யவில்லை? முகாமுக்குக் கூட்டிப்போக ஆள் இல்லை. இந்த இடத்துக்கு வரும்போது அறை கொஞ்சம் அமைதியாகிவிடும். வயிற்றோட்டத்தில் தொடங்கிய பேச்சு பாட்டியின் கண்ணில் வந்து நிற்கிறது. 'கை கழுவுங்கள்' என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தால் இந்தக் கண் யாருக்கும் தெரிந்திருக்காது. பாட்டியை முகாமுக்குக் கூட்டிப்போவதைத் தெருக்காரர்கள் செய்ய முடியும். ஒரு நாள் வேலை.

ஜார்க்கண்ட், ஒடிசா ஆய்வின் முடிவு 2010ல் வெளியானது. குழுக்கள் இயங்கிய பகுதிகளில், பிறந்த 28 நாளுக்குள் குழந்தை இறப்பது மூன்று ஆண்டுகளில் 32 சதவீதம் குறைவாக இருந்தது. இரண்டாவது, மூன்றாவது ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் 45 சதவீதம். தாய்மாரிடம் காணப்பட்ட நடுத்தர அளவு மனச்சோர்வும் மூன்றாவது ஆண்டில் 57 சதவீதம் குறைவாக இருந்தது. இந்த மனச்சோர்வு விஷயத்தை நான் பெரிதாக எண்ணுகிறேன். மாதம் ஒரு தடவை நாலு பேரோடு உட்கார்ந்து, தன் கவலையைச் சொல்லி, அதைக் கேட்க ஆள் இருந்தால் ஒரு தாய்க்கு என்ன ஆகும் என்பதை அந்த எண் காட்டுகிறது. பிறகு, சாதாரண ஆஷா பணியாளர்களே இந்தக் கூட்டங்களை நடத்தினால் பலன் இருக்குமா என்று இன்னொரு ஆய்வில் பார்த்தார்கள். 2016ல் வந்த முடிவில் இறப்பு சுமார் 31 சதவீதம் குறைவு. அதாவது, சம்பளப் பட்டியலில் ஏற்கெனவே இருக்கும், ஆயிரம் வேலை சுமக்கும் ஒரு பணியாளருக்கும் இதைக் கற்றுக்கொடுக்க முடியும். உலக சுகாதார நிறுவனமும் 2014ல் இந்த முறையைப் பரிந்துரைத்துவிட்டது.

என்ன கற்றுக்கொடுக்க வேண்டும்

பயிற்சியில் கடினமானது பேசாமல் இருப்பது. கேள்வி கேட்டுவிட்டுப் பத்து எண்ணும் வரை வாயைத் திறக்கக் கூடாது என்று ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். நாலு எண்ணுவதற்குள் முக்கால்வாசிப் பேர் தாங்க முடியாமல் பதிலைத் தாங்களே சொல்லிவிடுவார்கள். ஏழு, எட்டு வரை பொறுத்தவர்களுக்கு எதிரில் இருப்பவர் பேசத் தொடங்கிவிடுவார். பெரும்பாலும் அப்போது வருவதுதான் உண்மையான விஷயம்.

அடுத்தது, தப்பான பழக்கத்தைக் கேட்டதும் முகம் சுளிக்காமல் இருப்பது. பிறந்த குழந்தைக்குக் கழுதைப்பால் ஊற்றுவது, சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது நம் பக்கம் இன்னும் உண்டு. ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்பதில் எந்தச் சமரசமும் இல்லை. ஆனால் "ஐயோ, ஏன் கொடுத்தீங்க?" என்று கேட்ட வீட்டில் அடுத்த தடவை உண்மையைச் சொல்ல மாட்டார்கள். "எதுக்காகக் கொடுக்கிறது வழக்கம் பெரியம்மா?" என்று கேட்டால், குழந்தைக்கு நோய் வராமல் இருக்கணும், குரல் நன்றாக வரணும் என்பார். அந்த ஆசை பணியாளருக்கும் உண்டு. அதிலிருந்து பேச்சைத் தொடங்கி, சீம்பாலைப் பற்றிச் சொன்னால் காதில் விழும். வசம்பைக் கையில் கட்டுவது போன்ற, தீங்கில்லாத வழக்கத்தை அப்படியே விட்டுவிடலாம். எதை மாற்ற வேண்டும், எதை விடலாம் என்று பிரித்துப் பார்க்கும் அறிவும் பயிற்சியில் வர வேண்டும்.

இதில் ஒரு விதிவிலக்கு, அதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். குழந்தை பால் குடிக்கவில்லை, வலிப்பு வந்திருக்கிறது, மூச்சு விடும்போது நெஞ்சு உள்வாங்குகிறது, உடம்பு சில்லிட்டிருக்கிறது என்றால் அங்கே உட்கார்ந்து கலந்து பேச நேரமில்லை. "உடனே கிளம்புங்க, நானும் வர்றேன்" என்பதுதான் பேச்சு. மற்ற நாட்களில் பொறுமையாகக் கேட்டவர் சொன்னால், அந்த நேரத்தில் தட்டாமல் கிளம்புவார்கள்.

வளர்ப்பு சம்பந்தமாக ஜமைக்காவிலிருந்து ஒரு பாடம் உண்டு. அங்கே 1980களின் பிற்பகுதியில், கிங்ஸ்டன் நகரின் ஏழைப் பகுதிகளில், ஊட்டக் குறைவால் உயரம் குன்றிய 129 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியது. ஒரு பகுதிக் குழந்தைகளின் வீட்டுக்கு, சமூக சுகாதார உதவியாளர் ஒருவர் வாரம் ஒரு மணி நேரம், இரண்டு வருடம் போனார். போய்க் குழந்தையோடு விளையாடி, அம்மாவையும் விளையாடவைத்தார். கடையில் வாங்கிய பொம்மை கிடையாது. வீட்டில் கிடக்கும் பொருளில் செய்ததுதான். அம்மா செய்ததில் நல்லதைப் பார்த்து வாய்விட்டுச் சொல்வது அவர்களுக்குத் தரப்பட்ட பயிற்சியின் முக்கியப் பகுதி. இருபது வருடம் கழித்துப் பார்த்தபோது, அப்படி விளையாடிய குழந்தைகள் மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகமாகச் சம்பாதித்தார்கள்.

நாங்களும் பயிற்சியில் அரை நாள் கிலுகிலுப்பை செய்கிறோம். காலித் தண்ணீர் பாட்டிலில் ஒரு பிடி பச்சைப்பயறு, இரண்டு கலர்த் துணித் துண்டு, மூடியைப் பசை போட்டு இறுக்கி, குழந்தை பிரிக்க முடியாதபடி அதன் மேல் டேப் சுற்ற வேண்டும். செய்து முடித்ததும் அதை யார் கையில் கொடுப்பது என்று கேட்போம். "குழந்தை கையில" என்பார்கள். இல்லை, அம்மாவின் கையில் கொடுக்க வேண்டும். பணியாளர் ஆட்டினால் குழந்தை பணியாளரைப் பார்த்துச் சிரிக்கும். அம்மா ஆட்டினால் அம்மாவைப் பார்த்துச் சிரிக்கும். நர்ஸம்மா கிளம்பிப் போன பிறகும் வீட்டில் இருக்கப்போவது அந்தச் சிரிப்புதான்.

ஊர் மட்டும் போதாது

இங்கே ஒரு எச்சரிக்கை. 'மக்களே பார்த்துக்கொள்வார்கள்' என்று சொல்லி அரசாங்கம் கையைக் கழுவுவதற்கு இது வழியாகிவிடக் கூடாது. இதற்கு இங்கிலாந்திலிருந்தே ஒரு கதை இருக்கிறது. கார்ன்வால் பகுதியில் ஃபால்மத் என்ற ஊரில் பீக்கன் என்று ஒரு குடியிருப்பு. 1990களின் நடுவில் வறுமையும் குற்றமும் குளிர் பிடித்த வீடுகளுமாக இருந்தது. அங்கே வேலை பார்த்த ஹேசல் ஸ்டியூட்லி, பிலிப் ட்ரெனோவெத் என்ற இரண்டு ஹெல்த் விசிட்டர்களுக்கு, வீடு வீடாகப் போய் மனச்சோர்வுக்கும் ஆஸ்துமாவுக்கும் ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பதில் பலன் இல்லை என்று தோன்றிவிட்டது. அக்கம்பக்கத்தாரை ஒன்றுசேர்க்கக்கூடிய 20 பேரை அவர்களே யோசித்து அணுகினார்கள். 5 பேர்தான் சம்மதித்தார்கள். அந்த ஐந்து பேரோடு 1995ல் தொடங்கினார்கள்.

கூட்டம் போட்டு மக்களைக் கேட்டபோது முதலில் வந்த கவலைகளில் தடுப்பூசியும் தாய்ப்பாலும் இல்லை. குற்றமும் குளிரும் இருந்தன. அந்தக் குடியிருப்புவாசிகளும் நகர சபையும் போலீசும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். அரசு நிதிக்கு விண்ணப்பித்து, இருபது லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டி, வீடுகளுக்கு வெப்பமூட்டும் வசதியும் குளிர் தாங்கும் வெளிச்சுவரும் போட்டார்கள். சில வருடங்களில் குற்றங்கள் பாதியாகக் குறைந்தன. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வும், வீட்டில் ஆபத்து இருப்பதாகக் கருதிக் கண்காணிக்கும் குழந்தைப் பாதுகாப்புப் பட்டியலில் சேரும் குழந்தைகளின் எண்ணிக்கையும் வெகுவாக இறங்கின.

சுவர் போட்டது அரசுப் பணம். எந்தச் சுவர் என்று சொன்னது மக்கள். இரண்டும் சேர்ந்ததால்தான் அது நடந்தது. ஹெல்த் விசிட்டர்கள் செய்தது அந்த ஐந்து பேரைக் கண்டுபிடித்ததும், அவர்களுக்குப் பின்னால் நின்றதும்.

நம் ஊரில் இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். கூட்டத்தை எங்கே போடுகிறோம்? ஊர்த் தெருவில் கோயில் மண்டபத்தில் போட்டால் காலனியிலிருந்து யாரும் வர மாட்டார்கள். வந்தாலும் ஓரமாக நிற்பார்கள். 'எல்லோரையும் கூப்பிட்டோம், வரவில்லை' என்று பதிவேட்டில் எழுதிவிடலாம். ஆனால் எடை குறைந்த குழந்தைகள் எந்தத் தெருவில் அதிகம் என்று பணியாளருக்கே தெரியும். கூட்டத்தைக் காலனியில் போடுவதும், ஊர்த் தெருக்காரர்களை அங்கே வரச் சொல்வதும் ஒரு தீர்மானம். அதை எடுக்கும் துணிச்சலைப் பணியாளருக்குக் கொடுக்காத பயிற்சி அரைப் பயிற்சிதான்.

அப்புறம், மேலதிகாரிகள். ஐந்து நாள் பயிற்சியில் கேட்கக் கற்றுக்கொண்டு திரும்பிய பணியாளரிடம் ஆறாவது நாள், "எத்தனை வீடு முடிச்சே, ஆப்ல ஏத்திட்டியா?" என்று மட்டும் கேட்டால், கற்றது ஒரு வாரத்தில் உதிர்ந்துவிடும். அதனால் இப்போதெல்லாம் மேற்பார்வையாளர்களையும் அதே அறையில், அதே பாயில் உட்காரவைக்க வேண்டும் என்று கேட்கிறேன். அவர்களும் தாயாக ஒரு தடவை நடித்துப் பார்க்க வேண்டும். மாதம் ஒரு முறை கூடவே வாசலுக்குப் போய், "இன்னைக்கு அந்த வீட்ல உனக்குப் புதுசா என்ன தெரிஞ்சுது?" என்று கேட்க வேண்டும். பதிவேட்டில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. சரி, ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம்.

பயிற்சியின் கடைசி நாளில் அறையை விட்டுக் கிளம்பி ஒரு ஊருக்குப் போவோம். அன்று போன ஊரில், அங்கன்வாடிக்கு முன்னால் இருந்த புளியமரத்தடியில் பெண்கள் கோலமாவால் ஊரை வரைந்தார்கள். முதலில் கோயில், அப்புறம் தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடம், தெருக்கள். மூடாத கிணறு எந்தப் பக்கம் என்று இரண்டு பேருக்குள் சண்டையே வந்துவிட்டது. மூன்று வயதுக்குள் குழந்தை இருக்கும் வீட்டுக்கு, குழந்தைக்கு ஒன்றாகப் புளியங்கொட்டை வைக்கச் சொன்னார் அந்த இளம் செவிலியர். சொல்லிவிட்டு அவர் தள்ளி நின்றார். உதடு மட்டும் அசைந்தது. பத்து வரை எண்ணுகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

பதிவேட்டில் 41 குழந்தைகள். தரையில் 46 கொட்டைகள். இரண்டு தடவை எண்ணினார்கள். கூடுதலாக இருந்த ஐந்தும் ஏரிக்கரைப் பக்கம், கோடு எதுவும் வரையாத இடத்தில் ஒரே குவியலாகக் கிடந்தன. யார் வைத்தது என்று கேட்டதற்கு, ஆடு மேய்க்கும் ஒரு பெரியம்மா கையைத் தூக்கினார்.

"செங்கல் சூளையில குடிசை போட்டு வெளியூர் ஜனங்க இருக்காங்கம்மா. அதுங்க புள்ளைங்கதான். உங்க நோட்டுல இல்லையா?"

செவிலியர் நோட்டைப் பார்த்தார். இல்லை. தடுப்பூசிப் பெட்டியை எடுத்து தோளில் மாட்டிக்கொண்டவர், ஒரு நிமிடம் யோசித்து, அதை இறக்கி வைத்தார்.

"நீங்க கூட வர்றீங்களா பெரியம்மா? மொதல்ல போய் பேசிட்டு வருவோம்."

பெரியம்மா ஆட்டைப் பேத்தியிடம் ஒப்படைத்துவிட்டு முன்னால் நடந்தார். பின்னாலேயே இன்னும் நாலு பேர் புடவையில் ஒட்டிய கோலமாவைத் தட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.